பீங்கான் கழுவும் மெஷின் யாருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் வாசியுங்கள்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் ஏழு பேர். போன நோன்பில் ஒரு நாள், நோன்பு திறந்து, ஆண்கள் பள்ளிக்கும் மற்றவர்கள் முஸல்லாவுக்கும் போன பிறகு, கஞ்சிக் கோப்பைகளோடு உம்மா மட்டும் சமையலறையில் நின்றார். அவருக்கு 64 வயது. விரல் நுனிகள் வெடித்துப் போயிருந்தன. அவர் சொல்லவேயில்லை. தேசிக்காய் பிழியும்போது முகம் சுளித்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். கேட்டால், "என்ட கைக்கி ஒண்டுமில்ல" என்கிறார்.

அன்றுதான் டிஷ்வொஷர் பேச்சு தொடங்கியது. குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டோம். ஆடம்பரம் என்றார்கள், இஸ்ராஃப் என்றார்கள், கரண்ட் பில் தெரியுமா என்றார்கள். ஒரு ஆளை வேலைக்கு வைத்தால் என்ன என்றும் கேட்டார்கள். அதாவது, வெடிக்கிற கை வேறொருவருடையதாக இருக்கட்டும்.

இவர்கள் எல்லோர் வீட்டிலும் உடுப்புக் கழுவும் மெஷின் இருக்கிறது. அதை யாரும் ஆடம்பரம் என்பதில்லை. ஏன் என்று யோசித்தோம். உடுப்புக்கு லோண்டரியில் காசு கொடுத்துப் பழகியவர்கள் நாம். பீங்கானுக்கு யாருக்கும் காசு கொடுத்ததில்லை. ஆகவே அந்த வேலைக்கு விலையே இல்லை என்று நினைத்துக்கொண்டோம்.

இந்த மெஷினின் கதையே அப்படித்தான். 1886இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்ற ஜோசபின் கொக்ரேன் வசதியான வீட்டுப் பெண். வேலைக்காரர்கள் கழுவும்போது தன் விலையுயர்ந்த பீங்கான்கள் உடைபடுகின்றன என்றுதான் அவர் தொடங்கினார் என்பார்கள். கையைக் காப்பாற்ற அல்ல, பீங்கானைக் காப்பாற்ற!

சரி, கணக்குக்கு வருவோம். டெப்புக்குக் கீழே 10 லீட்டர் வாளி வைத்துப் பார்த்தோம். இரண்டு நிமிடத்துக்குள் நிறைந்தது. உம்மா ஒரு நேரச் சாமான்களைக் கழுவ இருபது நிமிடம் எடுக்கிறார். பாதி நேரம் டெப்பை மூடினாலும் 50 லீட்டர் போகிறது. 12 பேர் அளவு மெஷின் ஒரு தடவைக்கு 10 லீட்டர் அளவில்தான் எடுக்கும். ஈகோ முறையில் கரண்ட் ஏறத்தாழ ஒரு யூனிட். உண்மையான செலவு அதற்கான சவர்க்கார மாத்திரைதான், அது மலிவில்லை. காசை மிச்சம்பிடிக்கலாம் என்று சாதாரண டிஷ் லிக்விட்டை ஊற்றிவிடாதீர்கள். நுரை பொங்கிச் சமையலறை முழுக்க ஓடும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியதைக் கொட்டாஞ்சேனையில் ராத்தா வீட்டில் கற்றுக்கொண்டோம். அவர்களின் மெஷின் இப்போது பாண் வைக்கும் அலுமாரி. தண்ணீர்த் தாங்கி சமையலறைக்கு நேர் மேலே, கொங்கிரீட் தட்டின் மேல், ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. பத்து மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம். பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வேண்டும். அதாவது மூன்று, ஐந்து மீற்றர் உயரம். விற்றவர்கள் அதைக் கேட்கவே இல்லை. பம்ப் பூட்டினால் சரிவரும் என்று பிறகுதான் தெரிந்தது. தொடர்மாடியில் மேல் தட்டில் இருப்பவர்கள் இதை முதலில் பாருங்கள். பழைய வீடென்றால் பிளக்கையும் பாருங்கள். தண்ணீரைச் சூடாக்க இரண்டு கிலோவொட் அளவில் இழுக்கும் மெஷினை 5 அம்பியர் வட்டப் பிளக்கில் அடெப்டர் போட்டுச் செருகக் கூடாது.

உப்பைப் பற்றிப் பயப்பட வேண்டாம். கொழும்புக்கு வரும் களனி கங்கை, லபுகம, கலட்டுவாவ தண்ணீர் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் மாதிரிச் சுண்ணாம்பு நிறைந்ததல்ல. தண்ணீரின் கடினத்தை ஆகக் குறைந்த அளவில் வைத்தால் போதும்.

ஆனால் மெஷின் எல்லாவற்றையும் கழுவாது. அலுமினியச் சட்டி கறுக்கும். மண்சட்டியும் அகப்பையும் போடக் கூடாது. தங்கக் கரை போட்ட நொரிடாக்கே பீங்கானின் கரை நாளடைவில் மங்கும். சஹன் உள்ளே போகவே போகாது. ஆகவே நோன்பு காலத்தில் பெரிய சாமான் அத்தனையும் மறுபடி சிங்கில்தான். அங்கே யார் நிற்பது? மெஷின் வந்த சில வீடுகளில் எச்சிலை வழித்து, அடுக்கி, ஆறியதும் எடுத்து வைப்பதும் அதே உம்மாதான். நபியவர்கள் வீட்டு வேலையில் ஒத்தாசையாக இருந்தார்கள் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து, சாப்பிட்ட பீங்கானை மேசையிலேயே விட்டு எழும்புகிறோம். ஆசிரியர் கலாசாலை விடுதியில் அவரவர் பீங்கானை அவரவர்தான் கழுவினோம். வீட்டுக்கு வந்ததும் எப்படி மறந்தது?

நாங்கள் 14 பேர் அளவு மெஷின் பார்த்து வைத்திருக்கிறோம். கீழ்த்தட்டில் பெரிய பீங்கான் நிற்க இடமிருக்கிறது, கொழும்பிலேயே பாகம் கிடைக்கிறது. ஓகஸ்டில் எங்கள் சீட்டு விழும், இன்ஷா அல்லாஹ். அதுவரை ஃபிரிஜ் கதவில் ஒரு முறைப்பட்டியல் ஒட்டியிருக்கிறோம், 11 வயது மகன் உட்பட ஆறு பேர். உம்மாவின் பெயர் இல்லை. அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, "கறிச்சட்டிய மட்டும் எனக்குத் தாங்க, நீங்க வடிவாக் கழுவ மாட்டீங்க" என்கிறார். இன்னும் கொடுக்கவில்லை.