அண்ணாந்து பாராத தமிழன்

"பெண்மூலம் நிர்மூலம்" என்னும் பழமொழி மாமதுரைத் தெருக்களில் இன்றும் செத்தொழியவில்லை. மூல நாளில் பிறந்தாள் என்னும் ஒன்றே குற்றமாகத் திருமணம் தட்டிப்போன பெண்கள் வைகையின் இரு கரை ஊர்களிலும் உள்ளனர். "மாமனாருக்கு ஆகாது" என்று கட்டம் போட்டுக் காட்டும் சோதிடன் சொல்லுக்கு எழுத்தறியாதவனும் தலையாட்டுகின்றான். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவனும் தலையாட்டுகின்றான். அச் சோதிடனை நாகமலைக்கு அப்பால் விளக்கொளி படாத வெளியொன்றில் நிறுத்தி, "ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுக்கும் அந்த மூலம் வானத்தில் எங்கே இருக்கின்றது? சுட்டிக் காட்டு!" என்று கேட்டால் அவன் விரல் எத்திசையில் நீளும்? தலையாட்டியவர்தாம் எத்திசையைக் காட்டுவர்? காணாத ஒன்றுக்கு அஞ்சுவதும், கண்ணெதிரே உள்ள ஒன்றைக் காண மறுப்பதும் ஒருங்கே நிகழும் நாடாயிற்று தமிழ்நாடு.

ஆடித் திங்கள் முன்னிரவில் தென்வானில் பெருந்தேள் ஒன்று வாலை வளைத்துக் கிடப்பதைக் கண்ணுள்ள எவரும் காணலாம். அவ் வாலின் நுனிக் கொடுக்கே மூலம். தமிழ் நிகண்டுகள் அதனைத் தேட்கடை என்றன. தேளின் கடை தேட்கடை. வேறு விளக்கம் வேண்டுவதில்லை. அக் கொடுக்கிற்குச் சற்றுக் கிழக்கே வெண்புகைத் திட்டு ஒன்று வெறுங்கண்ணுக்கே தென்படும். தாலமி என்னும் பழைய வானூலறிஞர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே அதனைக் குறித்து வைத்தார். புகையன்று அது. ஏறத்தாழ 1,000 ஒளியாண்டுத் தொலைவில், ஒன்றாய்ப் பிறந்து ஒன்றாய்ச் செல்லும் விண்மீன்களின் கொத்து அது. பிரெஞ்சு வானூலறிஞர் சார்லசு மெசியே தம் பட்டியலில் அதற்கு 7ஆம் எண் தந்தார். அப் பட்டியலில் உள்ள பொருள்களுள் தென்கோடியில் இருப்பது அதுவே. பாரிசு நகரில் அது அடிவானுக்கு மேல் 6 பாகை உயரமே எழும். மதுரையிலோ 45 பாகை உயரம் எழுந்து நிற்கும். கூரைகளுக்கும் மூடுபனிக்கும் இடையே எட்டிப் பார்த்தவன் அதனைப் பதிந்து வைத்தான். அரைவானில் அது நின்று ஒளிரக் கண்டிருக்க வேண்டியவனோ அப் பக்கத்து மீனின் பெயரைச் சொல்லிப் பெண்ணைத் தள்ளி வைத்தான்!

யார் இந்த மெசியே? 1730இல் பிறந்து, வால்வெள்ளி வேட்டையையே வாழ்வாகக் கொண்டவர். 1758இல் வால்வெள்ளி ஒன்றைத் தேடுங்கால் ஆனேற்று மீன்கூட்டத்தில் புகைபோல் ஒரு திட்டைக் கண்டார். நாள்பல பார்த்தும் அது நகரவில்லை. வால்வெள்ளியெனின் நகரும், இது நகரவில்லை, ஆகவே இது வேறொன்று எனத் தெளிந்தார். இனி ஒருவர் இதனால் ஏமாறலாகாது என்று அதனை முதல் எண்ணாக எழுதி வைத்தார். அவ்வாறு தொடங்கிய பட்டியல் 1774இல் 45 பொருள்களோடு அச்சேறிற்று. 1781இல் 103 ஆக வளர்ந்தது. அவற்றுட் பல எவை என்பது மெசியேக்கே தெரியாது. கொத்து எது, வளிமுகில் எது, பால்வழிக்கு அப்பாலுள்ள பேரடை எது என்பதெல்லாம் பின்வந்தோர் கண்டவை. அவர் செய்தவை நான்கே: பார்த்தார், இடம் அளந்தார், எழுதினார், அச்சிட்டார். அந் நான்கும் அவர் பெயரை இருநூற்றைம்பது ஆண்டாக நிலைபெறச் செய்தன. அவருக்கு முன்னரே இலக்காயி என்பார் 1751, 1752ஆம் ஆண்டுகளில் ஆப்பிரிக்கத் தென்முனையில் இருந்து தென்வானை அளந்து 42 பொருள்களைத் தொகுத்தார். அவருக்குப் பின் வில்லியம் எர்செல் தம் தங்கை கரோலின் துணையோடு ஏறத்தாழ 2,500 பொருள்களைத் தொகுத்தார். 1888இல் திரெயர் வெளியிட்ட பெரும்பட்டியலில் 7,840 பொருள்கள் இடம்பெற்றன.

மெசியே முதலில் அச்சிட்ட பட்டியலின் இறுதி எண் 45. அது எது? தமிழன் ஆரல் என்றும் அறுமீன் என்றும் அழைத்த கார்த்திகைக் கொத்தே அது! முசுண்டைக் கொடியின் வெண்பூக்களுக்கு உவமை தேடிய மலைபடுகடாம் வானத்து ஆரலையே கண்டது. நிறைமதி அறுமீனைச் சேரும் இரவில் தெருவெல்லாம் விளக்கேற்றிய விழாவை அகநானூற்றின் 141ஆம் பாட்டில் மதுரை நக்கீரர் பாடினார். மதுரை எரியுண்ட நாளைக் குறிக்கும் சிலப்பதிகாரம் அம் மீனை அழல் என்கின்றது. வைகைப் புனலைப் பாடவந்த நல்லந்துவனார், பரிபாடலின் 11ஆம் பாட்டில் முதலில் வானத்தையே பாடினார். நாள்மீன் இருபத்தேழையும் மூன்று தெருவாகப் பகுத்துக் கோள்கள் நின்ற நிலையை ஒவ்வொன்றாக உரைத்தார். ஆற்றில் வெள்ளம் வருவதைச் சொல்லவும் அண்ணாந்து பார்த்தவன் அன்றைய மதுரைத் தமிழன்.

ஈண்டு ஓர் உண்மையை ஊன்றி நோக்குதல் வேண்டும். பழந்தமிழ் மீன்பெயர்கள் வெறும் பெயர்களல்ல, படங்கள். தேட்கடை என்றால் எதைத் தேடவேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும். அனுசத்திற்கு முடப்பனை என்று பெயர். வளைந்த பனைபோல் நிற்கும் மீன்நிரையை அச் சொல்லே காட்டிவிடும். உரோகிணிக்கு ஊற்றால் என்று பெயர். மீன்பிடிக்கும் கூம்புக் கூடையைக் கண்மாயில் கவிழ்த்துப் பழகியவனுக்கு அவ் வடிவத்தைக் காட்ட ஆசிரியன் வேண்டா. பூசத்திற்குக் கொடிறு என்று பெயர், கொடிறாவது குறடு. அக் குறட்டின் வாய்க்குள் அகப்பட்டதுபோல் மங்கித் தோன்றும் வெண்திட்டே மெசியேயின் 44ஆம் எண்ணாகிய கொத்து. முடப்பனைக்குக் கிழக்கே சிவந்தொளிரும் கேட்டை மீனை ஒட்டிக் கிடப்பது அவரது 4ஆம் எண். தமிழ்ப்பெயர் கையைப் பிடித்து வானத்திற்கு அழைத்துச் செல்லும். அனுசம் என்றும் உரோகிணி என்றும் ஒலிக்கும் பெயர்கள் தமிழன் செவியில் எந்தப் படத்தையும் எழுப்புவதில்லை. படம் மறைந்தது, பார்வை மறைந்தது. பார்வை மறைந்த இடத்தில் அச்சம் வந்து குடியேறிற்று. வானத்து மீன் சோதிடக் கட்டத்து எழுத்தாகச் சுருங்கிய கதை இதுவே. பெயரைப் பறிகொடுத்தவன் பொருளையும் பறிகொடுத்தான்.

இனி, புதுவையில் நடந்ததைக் கேளுங்கள். கியோம் இலெ சாந்தில் என்னும் பிரெஞ்சு வானூலறிஞர், ஆந்திரமேடாப் பேரடையின் துணைப் பேரடையை 1749இல் முதன்முதல் கண்டவர். விண்முகில்களைப் பற்றி மெசியேக்கு முன்பே எழுதியவர். கதிரவனை வெள்ளி கடக்கும் காட்சியை அளப்பதற்காக 1768இல் புதுச்சேரிக்கு வந்து தங்கினார். 1769ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள் பாரிசில் மெசியே ஆரலின் இடத்தை அளந்து எழுதிய அதே நாள்களில், இலெ சாந்தில் தமிழ் மண்ணில் இருந்தார். சூன் 4ஆம் நாள் காலையில் முகில் மூடிற்று. எட்டாண்டுக் காத்திருப்பு வீணாயிற்று. ஆயினும் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. தமிழ்க் கணியரிடம் அமர்ந்து அவர்தம் கணக்கு முறையைக் கற்றார். 1765ஆம் ஆண்டு ஆகசுட்டு 30ஆம் நாள் நிகழ்ந்த திங்கள் மறைப்பின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 நொடி குறைந்தது. ஐரோப்பாவில் பெயர்பெற்ற தோபியாசு மேயரின் வாய்பாடு 68 நொடி மிகுந்தது. இதனை ஒளிக்காமல் எழுதியவரும் அவரே.

1825இலும் இவ்வாறே நடந்தது. புதுவைக் கணியர் ஒருவர் தரையிற் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே திங்கள் மறைப்பொன்றைக் கணித்துக் காட்டினார். வாரன் என்னும் படைத்தலைவர் அதனைத் தம் நூலில் பதிந்தார். மறைப்பின் தொடக்கத்தில் பிழை நான்கு மணித்துளியே. 1952இல் நியூகபௌர் என்னும் பேரறிஞர் அக் கணக்கை ஆராய்ந்து, 'தமிழ் வானியல்' என்றே தம் கட்டுரைக்குத் தலைப்பிட்டார். பெருமைதான்! ஆனால் வாரன் எழுதிய மற்றொன்றையும் மறைக்கலாகாது. அக் கணியருக்குத் தாம் செய்யும் கணக்கின் அடிப்படை விளங்கவில்லை என்பதே அது. கணக்கு இருந்தது; கண் இல்லை. மனப்பாடம் இருந்தது, ஏட்டில் எழுதி எல்லார்க்கும் வழங்கும் மனம் இல்லை. கணக்கு ஒரு சில குடிகளின் பிழைப்பாய் அடைபட்டது. பாரிசில் ஒருவன் கண்டது மறுநாள் ஊருக்குப் பொதுவாயிற்று; தமிழகத்தில் ஒருவன் அறிந்தது அவன் மகனோடு நின்றது.

இந் நிலையைக் கண்ட வெள்ளையன் சும்மா இருப்பானா? 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் எழுப்பினான். அங்கு நட்ட கருங்கல் தூணில், ஆசியாவில் கணித அறிவியலை முதன்முதல் ஊன்றியது ஆங்கிலேயரின் கொடையே என்னும் கருத்தைப் பொறித்தான். அதனைத் தமிழிலும் பொறித்தான்! இலெ சாந்தில் தமிழரிடம் கணக்குக் கற்றுச் சென்று இருபத்து மூன்றாண்டே ஆன காலம் அது. அப் பொய்யைத் தமிழெழுத்தில் செதுக்கக் கண்டும் மறுத்து ஒரு தமிழ் நூல் அன்று எழவில்லை. அதே ஆய்வகத்தில் இருந்துகொண்டு தெய்லர் என்னும் ஆங்கிலேயர் 11,015 விண்மீன்களின் பட்டியலை ஆக்கினார். தமிழ் வானத்தின் கீழ் ஆக்கப்பட்ட அது ஆங்கிலத்திலேயே வெளிவந்தது.

இன்று வானத்தைத் தமிழனிடமிருந்து மறைப்போர் மூவர். சோதிடன் முதல்வன், அவனைப் பற்றிச் சொல்லியாயிற்று. இரண்டாமவன் ஆங்கிலம் படித்த அறிஞன். "பிளையடீசு" என்றும் "நெபுலா" என்றும் ஒப்பித்து மதிப்பெண் பெற்ற அவனுக்கு, அதுவே கார்த்திகை விளக்கீட்டன்று கீழ்வானில் எழும் ஆரல் என்று தெரியாது. விண்மீன் கொத்து, விண்முகில், பேரடை என்னும் சொற்கள் இருக்கவும் அவன் நாக்கு அவற்றைத் தொடாது. மூன்றாமவன் யார்? சொல்லக் கசக்கும், ஆயினும் சொல்லியே ஆகவேண்டும். மேடைதோறும் "எல்லாம் நம் முன்னோர் கண்டனர்" என்று முழங்கிவிட்டு, வீடு திரும்பும் வழியில் ஒருமுறையும் அண்ணாந்து பாராத தமிழ்ப் பற்றாளனே அவன். கூடலூர் கிழார் பங்குனி நள்ளிரவில் எரிமீன் ஒன்று வீழக் கண்டு, எந்த மீன் எங்கே நின்றபோது வீழ்ந்தது என்று புறநானூற்றின் 229ஆம் பாட்டில் எழுதி வைத்தார். அதனால் மன்னனுக்குக் கேடு வருமென்று அவர் கொண்ட அச்சம் அக் காலத்தது; அவர் கொண்ட கூர்ங்கண் எக் காலத்துக்கும் உரியது. இன்றைய பற்றாளன் கண்ணை விட்டுவிட்டுப் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டான். மறந்த பெயரை மேற்கோள் காட்டுவது மொழிப்பற்று ஆகாது. அப் பெயருக்குரிய பொருளை வானத்தில் தொட்டுக் காட்டுவதே மொழிப்பற்று.

செய்ய என்ன இருக்கின்றது என்று கேட்போர் சித்திரை முதல் நாள் நள்ளிரவில் திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே, திருமங்கலத்துக் கரிசல் வெளியில் நின்று பார்க்கட்டும். உச்சிக்குச் சற்றுத் தெற்கே ஒளிரும் வெண்ணிற மீன் சித்திரை. அதற்கு நேர் தெற்கே, அடிவானுக்கு மேல் ஏறத்தாழ 32 பாகை உயரத்தில், மங்கிய பஞ்சுருண்டை போல ஒன்று தெரியும். தாலமி அதனை ஒரு மீனென்றே எண்ணினார். 1677இல் எட்மண்டு ஆலி எலினாத் தீவிலிருந்து பார்த்து அது மீனன்று, முகில்போன்ற ஒன்று என்றார். ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவில் ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் திரண்ட உருண்டைக் கொத்து அது. பால்வழியின் உருண்டைக் கொத்துகளில் அதனினும் பெரியது இல்லை. பாரிசு வானில் அது எழுவதே இல்லை. ஆதலின் மெசியேயின் பட்டியலிலும் அஃது இல்லை. மதுரை வானிலோ ஆண்டுதோறும் வந்து நிற்கின்றது. உலகம் இன்றும் அதனைக் கிரேக்க நெடுங்கணக்கின் கடைசி எழுத்தால் அழைக்கின்றது. தமிழ்ப் பிள்ளைகள் அதனை எப் பெயரால் அழைப்பர்?

தனித்தமிழ் அன்பர்க்கு உரிய பணி அங்கே தொடங்குகின்றது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்ப்புறங்களில் இன்னும் இருட்டு எஞ்சியுள்ளது. காருவா தோறும் பள்ளிப் பிள்ளைகளைத் திறந்தவெளிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆரலில் எத்தனை மீன் தெரிகின்றது என்று எண்ணச் சொல்லுங்கள். வெறுங்கண்ணுக்கு ஆறு தெரிந்த இடத்தில் கலிலியோ 1610இல் தொலைநோக்கி கொண்டு 36 மீன்களை வரைந்தார். அப் பிள்ளைகளும் கண்டதை வரையட்டும். மதுரையிலிருந்து தென்படும் கொத்துகளையும் முகில்களையும் இடமும் உயரமும் திங்களும் குறித்துத் தமிழ்ப் பெயரோடு ஒரு சிறு சுவடியாக அச்சிடுங்கள். பழம்பெயர் இருப்பின் அதனை இடுங்கள். இல்லையேல் அதன் உருவத்தைப் பார்த்துப் புதுப்பெயர் சூட்டுங்கள். முடப்பனை என்று பெயரிட்டவன் வாயில் இருந்த அதே தமிழ்தான் இன்றும் இருக்கின்றது.

தேட்கடையை ஒருமுறை கண்ணாரக் கண்ட பெண் மூலத்திற்கு அஞ்சாள். அவளைப் பெற்றவரும் அஞ்சார். ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள கொத்துக்கு மதுரை மாமனார் எவர் என்று தெரியாது, தெரியவும் வேண்டா. அது தெரிந்துகொள்ளப்படவே அங்கே இருக்கின்றது. வானத்திற்கு வேலியில்லை, பார்க்கக் கட்டணம் இல்லை, இடைத்தரகன் தேவையில்லை. நிமிர்ந்த தலை ஒன்றே வேண்டும். தமிழன் நிமிர்க!