பரிந்துரைக்கு எழுவாய் எங்கே?

தமிழக அரசு அலுவலகங்களில் 'தணிக்கைத் தடை' என்னும் தொடருக்குத் தனி அச்சம் உண்டு. கணக்குத் தணிக்கையாளர் ஒரு செலவைக் குறித்து ஐயம் எழுப்பி எழுதிவிட்டால், அதற்கு உரிய விளக்கம் தரப்படும் வரை அந்தக் கோப்பு மூடப்படாது. தொடர்புடைய அலுவலர் ஓய்வு பெறும் நாளிலும் அது அவரைத் துரத்தும். எரிசக்தித் தணிக்கை இந்தத் தணிக்கையிடமிருந்து பெயரை மட்டுமே கடன் வாங்கியது. அதன் இறுதியில் தடை இல்லை, பரிந்துரையே உண்டு. பரிந்துரைக்கு யாரும் விளக்கம் எழுதுவதில்லை. அது அலமாரியில் ஏறினால் யாருடைய ஓய்வூதியமும் நிற்பதில்லை.

வணிகக் கட்டடங்களின் எரிசக்தித் தணிக்கை அறிக்கைகள் செயலுக்கு வராமல் போவதற்குப் பணமும் தொழில்நுட்பமும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. இரண்டும் உண்மையே. ஆயினும் அறிக்கையின் வாக்கிய அமைப்பையும் அவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 'பழைய மோட்டாரை மாற்றப் பரிந்துரைக்கப்படுகிறது', 'வெந்நீர்க் குழாய்களுக்கு வெப்பக்காப்பு இடலாம்', 'கசிவுகள் சரிசெய்யப்பட வேண்டும்' என்ற போக்கிலேயே அவை எழுதப்படுகின்றன. செய்பவர் யார்? தமிழில் '-படு' சேர்ந்த செயப்பாட்டு வினை செய்பவரை மறைத்துக்கொள்ள இடம் தருகிறது. '-லாம்', 'வேண்டும்' ஆகியவை திணை, பால், எண், இடம் எதையும் காட்டுவதில்லை. மலையாள வினைமுற்றிலோ இடம் காட்டும் விகுதியே இல்லை. ஆங்கிலச் செயப்பாட்டு வினையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மறையூர் போன்ற ஓர் ஊரில் இந்த மூன்று மொழிகளும் புழங்குகின்றன. மூன்றிலும் எழுவாய் இல்லாமலேயே ஒரு நல்ல அறிக்கையை எழுதி முடித்துவிட முடியும்.

சட்டம் அவ்வளவு மௌனமாக இல்லை என்பதுதான் வியப்பு. 2001-ஆம் ஆண்டு எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் அலுமினியம், உரம், இரும்பு, சிமெண்ட் என்று தொடங்கும் பட்டியலின் பதினைந்தாவது இனமாக வணிகக் கட்டடங்கள் இடம்பெற்றன. அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவு தணிக்கை செய்யுமாறு கட்டளையிட அரசுக்கு அதிகாரம் தருவதோடு நிற்கவில்லை. தணிக்கையாளரின் பரிந்துரைமீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதையும் உரிய முகமைக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. கேரள அரசு 2011 ஜனவரியில் ஓர் ஆணை பிறப்பித்து, உயரழுத்த மின்னிணைப்பு பெற்றவர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்வதைக் கட்டாயமாக்கியது. திருவனந்தபுரத்திலுள்ள எரிசக்தி மேலாண்மை மையம் இதற்கான மாநில முகமை. ஆக, கேட்க வேண்டிய கேள்வி சட்டத்தில் இருக்கிறது, கேட்க வேண்டிய அலுவலகமும் இருக்கிறது. விடை பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும் என்ற விதிதான் இல்லை. ஒரு பெருவிடுதியின் அறிக்கையில் இருந்த பன்னிரண்டு பரிந்துரைகளில் எத்தனை நிறைவேறின என்பதை ஒரு மாணவர் அறிய விரும்பினால், பெரும்பாலும் அந்த விடுதியின் நல்லெண்ணத்தையே அவர் நம்பியிருக்க வேண்டும்.

தணிக்கை மட்டும் போதாது என்பது தொடக்கத்திலேயே தெரிந்த செய்தி. 2002-இல் எரிசக்தித் திறன் செயலகம் அமைந்த பின், தில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகை, பிரதமர் அலுவலகம், எய்ம்ஸ், சஃப்தர்ஜங் மருத்துவமனை உள்ளிட்ட கட்டடங்கள் முதலில் தணிக்கைக்கு உள்ளாயின. 23 முதல் 46 விழுக்காடு வரை மின்சாரத்தை மிச்சப்படுத்த இயலும் என்று கண்டறியப்பட்டது. நாட்டின் தலைமைப் பீடங்களே முன்மாதிரியாக நின்றன என்று பாராட்டலாம். ஆனால் அந்த எண் இருபது ஆண்டுகளாகக் கருத்தரங்கக் கட்டுரைகளின் முன்னுரையில் 'இவ்வளவு மிச்சப்படுத்த முடியும்' என்ற சான்றாகவே சுற்றி வருகிறது. 'முடியும்' என்பதிலும் எழுவாய் தேவையில்லை.

ஏன் நடப்பதில்லை? அரசுக் கட்டடத்தில் மின்கட்டணம் ஒரு கணக்குத் தலைப்பிலும், புதிய கருவி வாங்கும் பணம் வேறொரு தலைப்பிலும் வருகிறது. பொறியாளர் பாடுபட்டு மின்கட்டணத்தைக் குறைத்தால் அடுத்த ஆண்டு அத்தலைப்பின் ஒதுக்கீடு குறையும். மிச்சம் அவர் துறைக்குத் திரும்பாது. ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற வழக்கம், விலை கூடிய ஆனால் மின்சாரம் குறைவாகக் குடிக்கும் கருவியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். தனியார் கட்டடத்திலோ உரிமையாளர் ஒருவர், குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் மற்றொருவர். கருவியை மாற்றும் செலவு முன்னவருடையது, குறையும் கட்டணம் பின்னவருடையது. மூன்றாண்டுக் குத்தகைக்காரரிடம் ஐந்தாண்டில் முதல் திரும்பும் என்று சொல்வது கணக்குப்படி சரியானாலும் அவருக்குப் பொருளற்றது.

மறையூரை நோக்கினால் இன்னொரு சிக்கல் தெரியும். மூணாறு, உடுமலைப்பேட்டைச் சாலையில் மழைமறைவுப் பகுதியில் அமைந்த இவ்வூருக்குச் சந்தனக் காட்டையும் முனியறைகளையும் காண வருபவர்கள் பலர். இங்குள்ள விடுதிகளுக்குக் குளிரூட்டி பெரிய சுமை அன்று, வெந்நீர்தான் சுமை. இருபது அறை கொண்ட ஒரு விடுதியைக் கற்பனை செய்துகொள்வோம். அறைக்கு நாற்பது லிட்டர் வீதம் 800 லிட்டர் நீரை 20 பாகையிலிருந்து 45 பாகைக்குச் சூடேற்ற ஏறத்தாழ 23 யூனிட் மின்சாரம் வேண்டும். அறைக்கொரு இரண்டு கிலோவாட் கீசர் என்றால், காலை ஏழு மணிக்கு எல்லாரும் ஒன்றாகக் குளிக்கும்போது 40 கிலோவாட் சுமை ஏறும். அந்த அரை மணி நேரத்துக்காகவே பெரிய மின்னிணைப்பும் பெரிய ஜெனரேட்டரும் தேவைப்படுகின்றன. வெப்ப பம்பு வைத்தால் அதே வெந்நீருக்கு எட்டு யூனிட் அளவே போதும். கூரையில் சூரிய வெந்நீர்க் கலன் வைக்க, மழை குறைந்த இவ்வூரை விடப் பொருத்தமான இடம் இடுக்கி மாவட்டத்தில் அரிது. அதற்கும் முன்னே, பூத்தூவிக் குழாயின் வேகத்தைப் பாதியாக்குவதும் கீசரின் வெப்பநிலைத் திருகைக் குறைத்து வைப்பதும் ஏறக்குறையச் செலவில்லாத வேலைகள்.

இந்த விடுதிக்குத் தணிக்கை கட்டாயம் இல்லை. கட்டட எரிசக்தி விதித்தொகுப்பு 100 கிலோவாட் இணைப்புச் சுமை அல்லது 120 கே.வி.ஏ. ஒப்பந்தத் தேவை உள்ள கட்டடங்களையே கருதுகிறது. 2022-இல் வந்த திருத்தச் சட்டம் அந்த வரம்பைக் குறைத்துக்கொள்ள மாநிலங்களுக்கு இடம் தந்திருக்கிறது. பேரங்காடிகளுக்கென எழுதப்பட்ட வரம்பு மலையூர்களுக்குப் பொருந்தாது என்பதை உணர்ந்து அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவது மாநிலத்தின் கடமை.

இதே ஊரின் வெல்ல ஆலைகளையும் இங்கே நினைக்க வேண்டும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம், கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சிக் கையால் உருட்டிச் செய்யப்படுவது. பிழிந்த சக்கையையே உலர்த்தி அடுப்பில் இடுகிறார்கள். அந்த அடுப்பின் வெப்பத்திறன் உயர்ந்தது என்று சொல்ல முடியாது. திறந்த அடுப்புகள் நிறைய வெப்பத்தை வீணாக்கும். ஆனால் சக்கை போதவில்லையெனில் வேறு விறகுக்கு அலைய வேண்டியவரும், தீயைத் தள்ளுபவரும், காய்ச்சலின் பதம் பார்ப்பவரும் ஒரே கூரையின் கீழ் நிற்கிறார்கள். விரயத்தைக் காண்பவருக்கும் அதன் விலையைக் கொடுப்பவருக்கும் இடையில் அறிக்கை என்று ஒன்று தேவைப்படவில்லை. பழமையைப் போற்றுவதற்காக இது சொல்லப்படவில்லை. வணிகக் கட்டடத்தில் துண்டாகிப்போன தொடர்பு எது என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

நியூயார்க் நகரம் இந்தப் பாடத்தைப் பத்தாண்டு செலவிட்டுக் கற்றது. 2009-இல் அங்கே இயற்றப்பட்ட 87-ஆம் உள்ளூர்ச் சட்டம், 50,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்ய வேண்டும் என்றது. இருக்கும் கருவிகளைச் சீராக இயங்கச் செய்வதும் கட்டாயமானது. தணிக்கை சுட்டும் மாற்றங்களைச் செய்தே தீர வேண்டும் என்ற பகுதி, கட்டட உரிமையாளர்களின் எதிர்ப்பால் இயற்றும் முன்னரே கைவிடப்பட்டது. 2019-இல் 97-ஆம் சட்டம் வந்து, கரிம உமிழ்வுக்கு உச்சவரம்பு விதித்து, மீறினால் தண்டம் என்றது. அறிக்கையில் இல்லாத எழுவாயைத் தண்டத்தின் வழியாகச் சேர்த்தார்கள் எனலாம்.

அதே நகரின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் தண்டத்துக்குக் காத்திருக்கவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட யோசனைகளை எட்டாகச் சுருக்கி, 38 விழுக்காட்டு எரிசக்திக் குறைப்பை இலக்காக வைத்தார்கள். 6,514 சன்னல்களையும் எறிந்துவிடாமல் கட்டடத்துக்குள்ளேயே பட்டறை அமைத்துப் புதுப்பித்தார்கள். முதலில் வெப்பச் சுமையைக் குறைத்ததால், புதிய பெரிய குளிர்விப்பு இயந்திரங்கள் வாங்கும் செலவு தவிர்ந்தது. குறைந்த சுமைக்கு ஏற்பப் பழையவற்றைப் புதுப்பித்தலே போதுமாயிற்று. இந்த வரிசை முறை முக்கியமானது. நம் அறிக்கைகள் ஒவ்வொரு பரிந்துரைக்கும் தனித்தனியே 'முதல் திரும்பும் காலம்' கணக்கிட்டு அட்டவணை இடுகின்றன. மேலாளர் அவற்றில் மலிவானதைத் தேர்ந்து, எல்.இ.டி. விளக்குகளை மாற்றி, புகைப்படமும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை மறந்துவிடுகிறார். மறையூர் விடுதியிலும், குழாயின் வேகத்தைக் குறைக்குமுன் சூரியக் கலன் வாங்கினால் தேவைக்கு இருமடங்கு பெரிய கலன்தான் வந்து சேரும்.

ஆகவே தணிக்கையாளரின் கட்டணத்தில் ஒரு பகுதியை ஓராண்டுக்குப் பிந்தைய மறு அளவீட்டின்போது மட்டுமே வழங்குவது நல்லது. மிச்சமான தொகையில் பாதியேனும் அதே கட்டடத்தின் அடுத்த மாற்றத்துக்கென ஒதுங்க வேண்டும். 14-ஆம் பிரிவு கேட்கும் நடவடிக்கை விவரம் இணையத்தில், கட்டடத்தின் பெயரோடு வெளிவர வேண்டும். வணிக இரகசியம் என்ற மறுப்பு எழும். ஒரு விடுதியின் வெந்நீர்க் குழாய்க்கு உறை போடப்பட்டதா என்பதில் என்ன இரகசியம் என்று விளங்கவில்லை.

அறிக்கையின் முதற்பக்கம் பராமரிப்பவர் படிக்கும் மொழியில், ஒரே பக்க அளவில் இருத்தல் வேண்டும். மறையூரில் அது தமிழாகவோ மலையாளமாகவோ இருக்கும். அங்கே 'வெப்பநிலையைக் குறைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதாமல், 'பராமரிப்பாளர் இம்மாதம் 15-க்குள் இருபது கீசர்களின் திருகையும் 50 பாகையில் வைப்பார். மேலாளர் அடுத்த இரண்டு மின்கட்டணச் சீட்டுகளை இதனோடு இணைப்பார்' என்று எழுதலாம்.