மரத்தை எண்ணினோம், மீனை?

ஹைதராபாத்தில் பி.வி. நரசிம்ம ராவ் மேம்பாலம் வழியாக விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் ஒரு ராட்சத மீனைப் பார்க்காமல் போக முடியாது. கண், துடுப்பு, வால் எல்லாம் வைத்துக் கட்டப்பட்ட கட்டடம். 2006ல் தொடங்கப்பட்ட தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியத்தின் தலைமையகம் அது. கடல் இல்லாத ஊரில் இப்படி ஒரு மீனா என்று சிரிப்பு வரும். ஆனால் இந்தியக் கடற்கரையைக் கண்காணிக்கும் கண்கள் சில இந்த ஊரில்தான் இருக்கின்றன. செயற்கைக்கோள் படங்களை ஆராயும் தேசியத் தொலையுணர்வு மையம் பாலாநகரில் இருக்கிறது. கடல்நீரின் வெப்பத்தையும் நிறத்தையும் பார்த்து, எங்கே வலை வீசினால் மீன் கிடைக்கும் என்று மீனவர்களுக்குச் சொல்லும் இன்காய்ஸ் நிறுவனமும் இங்கேதான்.

இத்தனை கண்கள் இருந்தும் ஓர் எளிய கேள்விக்கு நேரான பதில் இல்லை. கோதாவரியின் முகத்துவாரத்தைச் சீர்செய்தோமே, மீன் திரும்பி வந்ததா?

கோதாவரிக்கரை மக்களுக்கு மீன் என்றால் புலசதான். கடலில் இருக்கும்வரை அது விலச. ஆடி, ஆவணியில் புதுவெள்ளம் செந்நிறமாகக் கடலில் கலக்கும்போது, முட்டையிடுவதற்காக நீரோட்டத்தை எதிர்த்து ஆற்றில் ஏறும். அப்போது பெயரும் மாறும், ருசியும் மாறும், விலையும் ஆயிரங்களில் ஏறும். தாலியை விற்றாவது புலச தின்ன வேண்டும் என்பது அங்கே பழமொழி. வங்காளிகளின் இலிஷும் நம் உள்ளம் மீனும் இதுதான். அமெரிக்கர்களுக்கு சால்மன் எப்படியோ, நமக்கு இது அப்படி.

இந்த மீனுக்கு முதல் தடை அணைகள். 1852ல் ஆர்தர் காட்டன் தவளேஸ்வரத்தில் கட்டி முடித்த அணைக்கட்டு டெல்டாவுக்குச் சோறு போட்டது. புலசயின் பயணத்தையும் அங்கேயே முடித்தது. கங்கையில் 1975ல் வந்த ஃபராக்கா தடுப்பணை அதே வேலையைச் செய்தது. காவிரிக்கும் இந்த வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறை கொள்ளிடம் கீழணையில் உள்ளம் மீனின் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்க முயன்றது. இன்று காவிரிக்கரையில் அப்படி ஒரு மீன் ஏறி வந்ததை நினைவில் வைத்திருப்பவர்களைத் தேடத்தான் வேண்டும்.

அணைக்குக் கீழே மிஞ்சியிருப்பது முகத்துவாரம். அங்கே நல்ல வேலையும் நடந்திருக்கிறது. பிச்சாவரத்தில் ஆங்கிலேயர் காலம் தொட்டுக் கூப்பு கூப்பாக மரம் வெட்டியதில், வெயில் பட்ட மண் காய்ந்து தாழ்ந்து பள்ளமானது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கியது. தண்ணீர் ஆவியாக, உப்பு தங்கியது. பிறகு எந்தச் செடியும் முளைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டி, தண்ணீர் வந்து போக வழி செய்தன. அலையாத்திச் செடிகள் பிழைத்தன. 1996 முதல் 2003 வரை நடந்த திட்டத்தில் கோதாவரிக் கழிமுகத்திலும் இதே முறை கையாளப்பட்டது.

பலன் எப்படித் தெரிந்தது? செயற்கைக்கோள் படத்தில் பச்சை கூடியது. நாடு முழுதும் இதே அளவுகோல்தான். 2021ஆம் ஆண்டின் வன நிலை அறிக்கை, இந்தியாவின் அலையாத்திக் காடு 4,992 சதுர கி.மீ. என்றது. 2023ல் அறிவிக்கப்பட்ட மிஷ்டி திட்டத்தின் இலக்கும் ஐந்தாண்டில் 540 சதுர கி.மீ. என்று பரப்பளவில்தான் இருக்கிறது.

பரப்பளவு பொய்யல்ல. ஆனால் மரத்தடியில் கொடுவாக் குஞ்சு இருக்கிறதா, மடவை வளர்கிறதா என்பது வானத்திலிருந்து தெரியாது. ஆய்வாளர்கள் அவ்வப்போது வலை வீசிப் பார்த்துக் கட்டுரை எழுதுகிறார்கள். மக்கள் முன் வைக்கப்படும் கணக்கில் மட்டும் மீன் இல்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நிஸ்குவாலி என்ற ஆறு. ஒரு நூற்றாண்டாகக் கடல்நீரைத் தடுத்து நின்ற கரையை 2009ல் உடைத்து, 762 ஏக்கரைக் கடலுக்குத் திறந்துவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. நிஸ்குவாலி பழங்குடியினரும் அரசு விஞ்ஞானிகளும் ஓடைகளில் வலை கட்டி சால்மன் குஞ்சுகளை எண்ணினார்கள். வயிற்றில் என்ன இரை என்று பார்த்தார்கள். மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லில், மரத்தில் இருப்பது போல் வளையங்கள் இருக்கும். அதைப் படித்து, குஞ்சு எத்தனை நாள் முகத்துவாரத்தில் தங்கியது என்று கணக்கிட்டார்கள். கெடாத பக்கத்துச் சதுப்பு நிலத்தோடு ஒப்பிட்டார்கள். குஞ்சுகள் புதிய ஓடைகளுக்குள் நுழைந்தது தெரிந்தது. ஆயினும் அங்குள்ள சினூக் சால்மன் இன்னும் அபாயப் பட்டியலை விட்டு நீங்கவில்லை. இந்தக் கசப்பான உண்மையும் எண்ணியதால்தான் தெரிகிறது.

நமக்கு இது எட்டாத வித்தை அல்ல. ஒரே ஓடை, ஒரே கண்ணளவுள்ள வலை, ஒரே திதி. மாதம் ஒரு முறை அள்ளி, எண்ணி, அளந்து, உயிரோடு விட்டுவிட வேண்டும். சீர்செய்வதற்கு முன்பே தொடங்கிப் பத்து ஆண்டாவது விடாமல் செய்ய வேண்டும். இதற்கு ராக்கெட் வேண்டாம். கழிமுகத்து மீனவர்களுக்கு நியாயமான கூலி போதும். எந்த ஓடையில் எப்போது எது நுழையும் என்று அவர்களைவிடத் தெரிந்தவர் யார்? திட்டப் பணத்தில் செடிக்கு ஒதுக்குவதுபோல் எண்ணுவதற்கும் ஒரு பங்கு ஒதுக்கினால் ஆகிவிடும்.

சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை அமைச்சர் அடுத்த மாதமே மேடையில் வாசிக்கலாம். மீன் கணக்கு பத்து வருஷம் காத்திருக்கச் சொல்லும். சில சமயம், செய்த வேலை வீண் என்றும் சொல்லும். மேலிருந்து தண்ணீரே வராத ஆற்றின் வாயில் எத்தனை வாய்க்கால் வெட்டினாலும் புலச ஏறாது என்று அது சொல்லிவிட்டால், கேள்வி முகத்துவாரத்திலிருந்து அணைக்குப் போகும். எண்ணத் தயங்குவதற்கு அந்தப் பயமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஹைதராபாத்தின் கான்கிரீட் மீனை எண்ணுவது சுலபம். ஒன்றே ஒன்று; அது எங்கும் நீந்திப் போகாது.