ஒரு குடம் நல்ல தண்ணீர்



சின்னமனூர்ச் செப்பேடுகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியன் வெட்டிவைத்த எழுத்து, ஆயிரம் ஆண்டு கடந்தும் அழியவில்லை. ஆய்வாளர் படிக்கிறார்கள், வரலாறு எழுதுகிறார்கள். நம் ஊர் காத்துக் கொடுத்த செம்புக்கு ஆயிரம் ஆண்டு ஆயுள். பாம்பன் கரையிலே ஒரு மீனவத் தோழன் கடன்பட்டு வாங்கிய எஞ்சினுக்கோ மூன்றாண்டு ஆயுள்கூட இல்லை!

"மலையடிவாரத்துச் சின்னமனூரானுக்குக் கடலைப் பற்றி என்ன கவலை?" என்று கேட்பீர்கள். கவலைக்குக் காரணம் உண்டு, சொல்கிறேன்.

சென்ற மாதம் நண்பர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்காக இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் போயிருந்தேன். கரையோரம், சாக்கு விரித்து, அதன்மேல் ஓர் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். உள்ளே நீர் ஓடும் வழியெல்லாம் உப்புப் பாறை. அலுமினிய உடலெங்கும் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெள்ளைப் பொடி. பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டது. பக்கத்திலே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான் உரியவன். வீட்டில் பிணம் கிடப்பதுபோன்ற முகம்.

விற்ற கடைக்காரரிடம் போனானாம். "கழுவாமல் கெடுத்தாய்; நாங்கள் பொறுப்பல்ல" என்றாராம். விற்ற நாளிலே எஞ்சினைக் கழுவச் சொல்லிக் கொடுக்காதவர், கெட்ட நாளிலே தம் கையை மட்டும் கழுவிக்கொண்டார்!

"ஏனப்பா கழுவவில்லை?" என்று நானும் கேட்டேன். அவன் சொன்ன பதில் இன்னும் என் நெஞ்சிலே தைத்துக்கிடக்கிறது.

"கழுவ நல்ல தண்ணி வேணும்ல அண்ணே? குடிக்கிற தண்ணியவே குடம் இம்புட்டுன்னு காசு குடுத்து வாங்குறோம். புள்ளைக்கு ஊத்துவேனா, எஞ்சினுக்கு ஊத்துவேனா?"

தோழர்களே, இந்தக் கேள்விக்கு நாடுதான் பதில் சொல்லவேண்டும்.

எஞ்சின் எப்படிச் சாகிறது? நம் ஊர் லாரிப் பட்டறைத் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஓடும் எஞ்சின் கொதிக்கும். அதைக் குளிர வைக்க நீர் வேண்டும். லாரிக்கு ரேடியேட்டர் உண்டு. வள்ளத்தின் பின்னே மாட்டும் எஞ்சினுக்கோ கடலே ரேடியேட்டர். இம்பெல்லர் என்னும் சிறு ரப்பர்ச் சக்கரம் கடல்நீரை இழுத்து, எஞ்சினின் உள்ளறைகளைச் சுற்றவிட்டு, வெளியே தள்ளுகிறது. ஓடும் வரையில் தொல்லை குறைவு. கரை சேர்ந்து நிறுத்தியதும் தொடங்குகிறது கேடு. தங்கிய நீர் சூட்டிலே வற்றுகிறது, உப்பு ஒட்டிக்கொள்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. பத்து லிட்டர் வாளி ஒன்று வற்றினால் 350 கிராம்! இன்று ஒரு படலம், நாளை ஒரு படலம். வழி அடைபடுகிறது, நீர் ஓட்டம் குறைகிறது, எஞ்சின் காய்கிறது, ஒருநாள் நடுக்கடலில் நின்றுவிடுகிறது. ஒட்டிய உப்பு சும்மாவும் இருப்பதில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி, இரும்பையும் அலுமினியத்தையும் இரவு பகலாக அரிக்கிறது. மீனவன் உறங்கும்போதும் உப்பு உறங்குவதில்லை, கந்துவட்டியைப் போல!

மருந்து என்ன? விலையுயர்ந்த மருந்தல்ல. நல்ல தண்ணீர்! ஒரு பீப்பாயில் நல்ல தண்ணீரை நிரப்பு. நீர் இழுக்கும் துளை நன்றாக மூழ்கும்படி எஞ்சினின் காலை அதற்குள் இறக்கு. கியர் போடாமல், மெல்லிய வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டு. இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்துவது கண்துடைப்பு. ஏனெனில் உள்ளே தெர்மோஸ்டாட் என்றொரு கதவு உண்டு, சூடு ஏறினால்தான் அது திறக்கும், திறந்தால்தான் நல்ல தண்ணீர் உள்ளறை முழுதும் பாயும். தண்ணீரே இல்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதோ கொலைக்குச் சமம். ரப்பர்ச் சக்கரம் நொடியில் கருகிப்போகும். பீப்பாய்த் தண்ணீர் உப்பேறிவிட்டால் மாற்றிவிடு. அவ்வளவுதான்!

எஞ்சினில் ஒரு துத்தநாகக் கட்டி பொருத்தியிருப்பார்கள். உப்பு நீர் முதலில் அதைத்தான் அரிக்கும். தான் தேய்ந்து மற்ற உலோகங்களைக் காக்கும் கட்டி அது. தான் தேய்ந்து ஊரைக் காப்பாற்றும் உழைப்பாளியைப் போன்றது. தேய்ந்ததும் புதுக் கட்டி மாற்றவேண்டும். உழைப்பாளி தேய்ந்தால் மாற்றுவதற்கு ஆள் உண்டோ?

ஆயுத பூசையன்று எஞ்சினுக்குச் சந்தனம் வைக்கிறோம், பூமாலை சூட்டுகிறோம், எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். வேண்டாமென்று சண்டைக்கு வரவில்லை. ஆனால் உப்பு, மாலையைக் கண்டு மயங்காது. மந்திரத்தைக் கேட்டு மருளாது. அது அஞ்சுவது ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மட்டுமே.

2004 டிசம்பர் 26 நினைவிருக்கிறதா? ஆழிப்பேரலை அடித்த நாள். கடல்நீரில் முழுகிய எஞ்சினை அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய் மாற்றினால் பிழைக்கும் என்பார்கள். அன்றைக்கு யார் எஞ்சினைக் கழுவுவார்? பிள்ளையின் உடலைத் தேடியவனிடம் பீப்பாயைப் பற்றிப் பேச முடியுமா? பின்னர் புதுப் படகுகளும் எஞ்சின்களும் வந்து குவிந்தன. கொடுத்தவர் பலர். காக்கும் கலையைக் கற்றுக் கொடுத்தவர் எத்தனை பேர்?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கரையில் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் பெருகட்டும், தடை நியாயமே. ஆனால் குழாய்களில் கடல்நீரைத் தேக்கியபடியே கட்டிவைத்த எஞ்சினுக்கு அது 61 நாள் சிறை. இலங்கைத் துறைமுகங்களில் பிடித்துவைக்கப்பட்ட படகுகளின் கதி அதைவிடக் கொடியது. ஆண்டுக் கணக்கில் கழுவுவாரின்றி உப்புக்கு உணவாகும் படகு, விடுதலை பெற்று வந்தாலும் படகாக வருவதில்லை. விறகாகவும் பழைய இரும்பாகவும்தான் வருகிறது.

"குடிக்கவே தண்ணீர் இல்லை, எஞ்சின் கழுவவா?" என்பார் சிலர். கேள்வி நியாயமானது; தட்டிக் கழிக்க மாட்டேன். எஞ்சினுக்குக் குடிநீர் வேண்டாம் தோழர்களே, உப்பில்லாத நீர் போதும். மீன் ஏலக் கொட்டகையின் கூரையிலே விழும் மழை வீணே கடலுக்கு ஓடுகிறது. அதைப் பிடித்து ஒரு தொட்டியில் தேக்க, பெரிய பொறியாளர் வேண்டுமா, பெரிய மனம் வேண்டுமா?

உப்பின் வலிமையை ஆட்சியாளர் அறியாதவர்களும் அல்லர். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை அரித்தது எது? அதே உப்புக் காற்றுத்தானே! அதனால்தான் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, உப்பைத் தடுக்கும் தனி வண்ணப்பூச்சு. நல்லது, வரவேற்கிறோம். பாலத்தின் இரும்புக்குக் காட்டிய பரிவில் நூற்றில் ஒரு பங்கு, பாலத்தின் கீழே போகும் வள்ளத்தின் இரும்புக்கு இல்லையா?

நாம் கேட்பது மூன்று. மீன் இறங்கும் துறைதோறும் நல்ல தண்ணீர்த் தொட்டி, குழாய், பீப்பாய். எஞ்சின் விற்கும்போதும் மானியம் கொடுக்கும்போதும், காக்கும் முறையைக் கையில் செய்து காட்டும் பயிற்சி. மூன்றாவது, தமிழில் ஒரு கையேடு. நான் அன்று கரையிலே புரட்டிய கையேட்டில் ஒரு வரி தமிழ் இல்லை. புரியாத மொழியில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டுப் "படிக்கவில்லையே நீ" என்று பழிப்பது எந்த ஊர் நீதி?

இனி, நமக்கென்ன கவலை என்ற கேள்விக்கு வருகிறேன். பென்னிகுவிக் கட்டிய அணையிலிருந்து 1895 முதல் வரும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர்தான் நம் வயலை இருபோகமாக்கியது. அது நம்மோடு நின்றுவிடவில்லை. வைகையில் கலக்கிறது, 1959இல் திறந்த வைகை அணையில் தங்குகிறது, மதுரையைக் கடக்கிறது, சிவகங்கையைத் தாண்டுகிறது, அதன் கடைமடை எது தெரியுமா? அதே இராமநாதபுரம்தான்! நம் வாய்க்காலில் புரண்டோடும் நல்ல தண்ணீரின் கடைசிப் பங்காளி, குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த அந்த மீனவன். தலைமடைக்காரன் கடைமடைக்காரனுக்காகக் குரல் கொடுப்பது பிச்சையல்ல, பங்காளிக் கடமை.

நம் சந்தைக்குப் பனிக்கட்டிப் பெட்டியில் வரும் சீலா மீனை வாங்கும்போது விலையைப் பேரம் பேசுங்கள், தவறில்லை. கூடவே அதைப் பிடித்துவந்த எஞ்சினுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் கிடைத்ததா என்றும் கேளுங்கள். ஒருவர் கேட்டால் முணுமுணுப்பு. ஊர் கேட்டால் முழக்கம். மலையடிவாரம் முழங்கட்டும்; கடற்கரைக்குக் கேட்கட்டும்; கோட்டைக்கும் கேட்கும்!