இருட்டாக இருக்கட்டும் அந்தக் கரை



செல்லூரில் நள்ளிரவு தாண்டி வேன் ஏறினால் காலைப் பொழுதில் தனுஷ்கோடி சேர்ந்துவிடலாம். பள்ளி விடுமுறை வந்தாலே நம்மில் பலருக்கு இது வழக்கமாகிவிட்டது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த அவ்வூருக்கு முன்பெல்லாம் மணலில் தடுமாறியே செல்ல முடிந்தது. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின், நம் வாகனங்கள் கடலோரம் வரை போகின்றன.

ஆனால் நமக்கு முன்பே அக்கரையைத் தேடி வரும் விருந்தாளி உண்டு. பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி கடலாமை, ஆண்டின் முதல் மாதங்களில் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி ஏறக்குறைய நூறு முட்டைகள் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. சுமார் 50 நாட்களில் வெளிவரும் குஞ்சுகள், இருளில் சற்றே வெளிச்சமாகத் தெரியும் கடலை நோக்கி ஓடுகின்றன. கரையில் விளக்கு எரிந்தால் அதையே கடலென்று எண்ணி, எதிர்த்திசையில் சென்று மடிகின்றன. வாகனத்தின் சக்கரத் தடம்கூட அவற்றுக்குப் பெரும் பள்ளமே.

வனத்துறையினர் ஆண்டுதோறும் அங்கு முட்டைகளைச் சேகரித்து, பொரிப்பகத்தில் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். 2025 ஜூன் மாதம் தமிழக அரசு தனுஷ்கோடியில் சுமார் 525 எக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. இவை பாராட்டுக்குரியவை. எனினும் எந்த அறிவிப்பும் தானாக விளக்கை அணைக்காது.

அப்படியானால் சுற்றுலாவே வேண்டாமா? மீன் வறுத்து விற்பவரும், சங்கும் பாசியும் விற்பவரும் நம் வருகையால்தானே பிழைக்கிறார்கள்! கிரேக்க நாட்டின் சாக்கிந்தோஸ் தீவு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. கடலாமைகளைக் காக்கத் தவறியதாக 2002இல் ஐரோப்பிய நீதிமன்றம் கிரேக்கத்தைக் கண்டித்தது. இன்று அங்கே ஆமைகள் முட்டையிடும் கரைகளில் பகலில் பயணிகள் உலாவுகிறார்கள். இரவில் யாருக்கும் அனுமதியில்லை. பகல் மனிதருக்கு, இரவு ஆமைக்கு.

தனுஷ்கோடியிலும் பொழுது சாய்ந்ததும் காவலர்கள் நம்மைத் திருப்பி அனுப்புகிறார்கள். நாமோ முணுமுணுக்கிறோம். நமது பாதுகாப்புக்கான அந்தக் கட்டுப்பாடே ஆமைகளுக்கும் அரணாகிறது. நாளை அங்கே விடுதியும் மின்விளக்கும் வேண்டுமென்று குரல் எழுந்தால், அதில் நம் குரலும் சேருமா?

அடுத்தமுறை வேன் பேசும்போது, இருட்டுமுன் திரும்புவதென்றே பேசுவோம். மணலில் வண்டியை இறக்க வேண்டாமென ஓட்டுநரிடம் சொல்வோம். கொண்டுபோன நெகிழிப் பைகளைத் திரும்பக் கொண்டுவருவோம். சூரிய உதயத்தைக் காட்ட நம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நாம், அந்த இரவை ஆமைகளுக்கு விட்டுக்கொடுக்கவும் அவர்களுக்குக் கற்றுத்தருவோமா? சிந்திப்போம்.