அன்னாவுக்கு நாம் கொடுத்த ஒரு வரி

எட்மண்ட் டி வால் எழுதிய ‘தி ஹேர் வித் ஆம்பர் ஐஸ்’ 2010இல் வந்தது. அன்றுமுதல் அகப்பட்டவர்களிடமெல்லாம் அதைப் படிக்கச் சொல்லிவருகிறோம். பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தோம். இரவல் கொடுத்தது திரும்பாமல் மறுபடி வாங்கினோம். ஆனால் நாம் வாயாரப் புகழ்ந்தது அந்தப் புத்தகத்தைத்தானா?

நாம் சொன்ன கதை பாரிஸைத் தாண்டியதே அபூர்வம். ஒதேசாவில் தானிய வணிகத்தில் செழித்த யூதக் குடும்பம் எஃப்ருசி. அந்த வீட்டுப் பிள்ளை சார்ல், பாரிஸில் 264 நெட்சுகேக்களைச் சேர்க்கிறார். ஜப்பானிய உடையான கிமோனோவின் இடைக்கச்சில் சிறு பைகளைத் தொங்கவிட, கயிற்று நுனியில் கோப்பதற்காகத் தந்தத்திலும் மரத்திலும் செதுக்கியவை, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஓவியர் ரெனுவாரின் படகு விருந்து ஓவியத்தில் பின்னால் உயரத் தொப்பியோடு நிற்பவர் இந்தச் சார்ல்தான். ஓவியர் மனே 800 ஃபிராங்க் கேட்ட ஆஸ்பராகஸ் கட்டு ஓவியத்துக்குச் சார்ல் 1,000 அனுப்பினார். மனே ஒற்றைத் தண்டு ஒன்றைத் தனியாக வரைந்து, கட்டிலிருந்து விடுபட்டது இது என்று அனுப்பிவைத்தார். நாவலாசிரியர் ப்ரூஸ்டின் கதாபாத்திரமான ஸ்வானுக்கும் சார்ல் ஒரு முன்மாதிரி. இதையெல்லாம் சொல்லும்போது அந்த வரவேற்பறையில் நாமும் உட்கார்ந்து எழுந்து வந்த மாதிரி ஒரு மிதப்பு நமக்கு.

பிறகு அவசர அவசரமாக, “நாஜிகள் வந்தார்கள், வேலைக்காரி ஒருத்தி பொம்மைகளைக் காப்பாற்றிவிட்டாள்” என்போம்.

அந்த ஒருத்தியின் பெயர் அன்னா. சார்ல் 1899இல் வியன்னாவிலிருந்த உறவினர் விக்டருக்குக் கல்யாணப் பரிசாக அனுப்பிய நெட்சுகேக்கள், விக்டரின் மனைவி எம்மியின் உடைமாற்றும் அறையில் இருந்தன. எம்மிக்கு உடுத்திவிடுவது அன்னாவின் வேலை. 1938இல் விக்டரின் மாளிகையைக் கெஸ்டாபோ எடுத்துக்கொண்டபின், வீட்டுச் சாமான்களைக் கட்டிக்கொடுக்க அவரையே நிறுத்தினார்கள். நெட்சுகேக்கள் இருந்த அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் அவற்றை மூன்று நான்காக ஏப்ரன் பைக்குள் போட்டு, தன் மெத்தைக்குள் ஒளித்தார். எம்மி அந்த ஆண்டே இறந்தார். போருக்குப்பின் எம்மியின் மகள் எலிசபெத் வந்தபோது, அன்னா 264ஐயும் திருப்பிக் கொடுத்தார்.

அன்னாவின் முழுப்பெயர் தெரியாது, கேட்க முடிந்த காலத்தில் கேட்கத் தோன்றவில்லை என்று எலிசபெத்தின் பேரனான டி வாலே எழுதியிருக்கிறார். புத்தகத்தின் மிகக் கனமான இடம் அது. அதை வேகமாகப் புரட்டிப் போனவர்கள் நாம். அவருக்காவது உறுத்தியது.

இன்னொன்றையும் விட்டோம். இதை எழுதியவர் குயவர், போர்சலின் வனைபவர். பதின்ம வயதிலேயே பயிற்சிக்குச் சேர்ந்தவர். ஒரு நெட்சுகேயைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லண்டனில் அலைந்தவர். ஒரு பொருளை யார் தொட்டார்கள், எங்கே வைத்தார்கள், அதன் கனம் எவ்வளவு என்றுதான் அவர் கேட்டுக்கொண்டே போகிறார். மண்ணில் புழங்கிய கை கேட்கிற கேள்விகள் இவை. நாமோ சீமான் வீட்டுச் சரித்திரமாகப் படித்தோம். 2018இல் டி வால் குடும்பம் 79 நெட்சுகேக்களை ஏலம்விட்டு, அந்தப் பணத்தை அகதிகளுக்கு உதவும் அமைப்புக்குக் கொடுத்ததையும் நாம் பேசவில்லை.

இன்னும் படிக்காதவர்கள் வியன்னா பகுதியிலிருந்து தொடங்கலாம். பிறகு பாரிஸுக்குத் திரும்பினாலும் கதை புரியும்.