கைப்பழக்கமுள்ள ஆராய்ச்சி மாணவர்கள்

கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் நாடி வரும் மாணவனை நமது சர்வகலாசாலைகள் என்ன கேட்கின்றன? பரீட்சையில் வாங்கிய மார்க்கைக் கேட்கின்றன. அச்சேறிய கட்டுரைகள் எத்தனை என்று கேட்கின்றன. "இதுவரை உன் கையால் எதைச் செய்து ஓடவிட்டாய்?" என்று கேட்பவர் அபூர்வம். மோட்டாரையும் ஸென்ஸாரையும் நகத்தளவு சிப்பையும் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ரோபோ கட்டிப் பழகியவனுடைய உழைப்பு, ஏதோ பிள்ளைப் பிராயத்துப் பொழுதுபோக்காகவே மதிக்கப்படுகிறது. இதனால் விளையும் நஷ்டம் அந்த மாணவனுக்கு மட்டும் அன்று. தேசத்துக்கும் நஷ்டமே என்பது நமது அபிப்பிராயம்.

எம்பெடட் சிஸ்டம் என்பது ஒரு யந்திரத்துக்கு உள்ளேயே அடங்கி, அதை நடத்தும் சிறு கம்ப்யூட்டர். மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டர் ஒரு விநாடி தாமதித்தால் நாம் முணுமுணுப்போம், அவ்வளவுதான். மோட்டார் வண்டியின் பிரேக்கிலோ, ஆஸ்பத்திரியில் மருந்து செலுத்தும் பம்பிலோ இருக்கும் கம்ப்யூட்டர் தாமதித்தால் உயிர் போய்விடும். அதற்குக் கிடைக்கும் மெமரியோ சொற்பம், மின்சாரம் அளவானது, தூசியும் உஷ்ணமும் அதிர்ச்சியும் அதன் நித்திய பரிவாரங்கள். இவற்றோடு மல்லாடிப் பழகியவன் ஆராய்ச்சிக்கு வரும்போது கொண்டுவரும் கேள்விகளே வேறு. புஸ்தகத்தில் மட்டும் வாசித்தவனுக்கு அக்கேள்விகள் தோன்றா.

ஓர் உதாரணம் கூறுவோம். 1997 ஜூலை 4-ல் அமெரிக்காவின் பாத்ஃபைண்டர் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. சில தினங்களுக்குள் அதன் கம்ப்யூட்டர் அடிக்கடி தானாகவே நின்று, மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓடத் தொடங்கிற்று. காரணம் என்ன? ஒரு கச்சேரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பீரோவின் திறவுகோல் பியூனிடம் இருக்கிறது. அது வருமென்று கலெக்டர் காத்திருக்கிறார். பியூன் அதைக் கொடுத்துவிட்டுப் போகலாம்; ஆனால் இடையிலுள்ள குமாஸ்தாக்கள் அவனை நகரவிடாமல் வேறு வேலைகளை ஏவிக்கொண்டேயிருக்கிறார்கள். கலெக்டரின் அவசர காரியம் கெடுகிறது. பாத்ஃபைண்டரில் பியூனின் ஸ்தானத்தில் இருந்தது சீதோஷ்ண விவரம் சேகரிக்கும் சில்லறை வேலை. பரிகாரம் எளியது: திறவுகோல் கையிலிருக்கும் வரையில் பியூனுக்குக் கலெக்டரின் அந்தஸ்தைக் கொடுத்துவிடுவது. பூமியிலிருந்த நிபுணர்கள் தங்களிடமிருந்த மாதிரி யந்திரத்தில் அந்தக் கோளாறை வரவழைத்துப் பார்த்துக் கண்டுபிடித்து, திருத்தத்தை ஆகாய மார்க்கமாக அனுப்பினார்கள்.

இந்த முறையைத் தர்க்க ரீதியாக ஆராய்ந்து நிலைநாட்டிய கட்டுரை 1990-ல் வெளிவந்தது. அதை எழுதிய மூவரில் ஒருவர் ரகுநாதன் ராஜ்குமார். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து 1984-ல் பட்டம் பெற்றவர். 1989-ல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் சர்வகலாசாலையில் டாக்டர் ஆனவர். பின்னர் அங்கேயே பேராசிரியராகி, சாரதியின்றி ஓடும் மோட்டார் வண்டிகளை உருவாக்குவதில் முன்னணியில் நின்றார். டாக்டர் பட்ட நாட்களில் கற்ற எம்பெடட் சிஸ்டம் வித்தை இப்படி ரோபோவாகப் பழுத்தது. 2007-ல் அமெரிக்காவில் நடந்த சாரதியற்ற வண்டிகளின் பந்தயத்தில் வென்ற வண்டி அந்தச் சர்வகலாசாலையுடையதே.

அவர் கடல் கடந்து போனதைக் குறை கூறுவது சிறுமை. வித்தை எங்கே மதிக்கப்படுகிறதோ அங்கே வித்வான் போவான். நாம் வருந்துவது வேறொன்றுக்கு. பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன பட்டணம் கோவை. அங்கே 1926-ல் ஏற்பட்ட தொழிற்சாலையின் பக்கத்திலேயே 1951-ல் கல்லூரியும் தோன்றியது. பட்டறையும் பாடசாலையும் அவ்வளவு அருகருகே இருந்த ஊரில் கற்றவருக்கு ஆராய்ச்சி நிலையம் மட்டும் பிட்ஸ்பர்க்கில் கிடைக்க வேண்டியிருந்தது.

நம்மவருக்குச் சக்தி இல்லை என்று சொல்ல இனி எவருக்கும் நாவெழாது. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 இறக்கிய பிரக்யான், 26 கிலோ எடையுள்ள ஆறு சக்கர வண்டி, சந்திரன் மேல் உருண்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் வகுத்த 'சக்தி' பிராஸஸர் 2018-ல் நம் தேசத்துக்குள்ளேயே சிப்பாக வார்க்கப்பட்டது. ஆயினும் சந்திரனைவிடச் சமீபத்தில், நம் வீதியிலேயே ஒரு குழி இருக்கிறது.

தக்க பாதுகாப்பின்றிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதனை இறக்குவதை 2013-ம் வருஷத்துச் சட்டம் விலக்கியிருக்கிறது. அப்படி இறங்கி மாண்டவரின் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் கொடுக்கவேண்டுமென்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மனிதர் இறங்குவதோ நின்றபாடில்லை. இதே சென்னை ஐ.ஐ.டி.யில் ஒரு மாணவரின் பட்ட ஆராய்ச்சியாகத் தொடங்கி வளர்ந்த 'ஹோமோஸெப்' என்னும் யந்திரம், தொட்டியின் குறுகிய வாய்க்குள் நுழைந்து, உள்ளே கவிழ்ந்த குடைபோல் அலகுகளை விரித்து, இறுகிய கசடைக் கலக்கி வெளியேற்றுகிறது. 2022-ல் அதன் முதல் யந்திரங்கள், கணவரை இத்தொழிலுக்குப் பறிகொடுத்த ஸ்திரீகள் தலைமை வகிக்கும் சுய உதவிக் குழுக்களுக்கு அளிக்கப்பட்டன. கட்டுரை மட்டும் எழுதிப் பழகியவனால் இதைச் செய்திருக்க முடியுமா? சேற்றின் கனத்தை அளந்து பார்த்து, அலகு வளைந்து, மறுபடி அடித்து நிமிர்த்தியவனுக்கே அது சாத்தியம்.

பேனா பிடித்தவன் உயர்ந்தவன், கையில் கிரீஸ் படிந்தவன் தாழ்ந்தவன் என்ற பழைய புத்தியே ஒரு பக்கம் ஆராய்ச்சிக்கூடத்தைக் காகித மண்டபமாக்குகிறது. மறுபக்கம் சில ஜாதியாரைத் தலைமுறை தலைமுறையாகக் குழிக்குள் தள்ளுகிறது. இரண்டையும் தனித்தனி வியாதியாகக் கருதுவோர் நோயின் மூலத்தை அறியார்.

செய்ய வேண்டியது என்ன? டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் பத்திரிகைகளில் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.ஸி. 2022 நவம்பரில் எடுத்துவிட்டது. ஆகையால் சர்வகலாசாலைகளுக்கு இப்போது சாக்கு இல்லை. ஓடுகிற ஒரு யந்திரத்தை, அதன் வரைபடமும் புரோகிராமும் சோதனைக் குறிப்பும் சேர்த்து, கட்டுரைக்குச் சமமாக அங்கீகரிக்கலாம். சேர்க்கைப் பேட்டிக்கு மாணவன் தான் கட்டியதைத் தூக்கிக்கொண்டு வரலாம். பாலிடெக்னிக்கில் தொடங்கிப் பட்டறையில் கை பழகி, படிப்படியாக மேலேறி வந்தவனுக்கு அங்கே முதல் மரியாதை கிடைக்கட்டும். மத்திய சர்க்காரின் ஜூனியர் உபகாரச் சம்பளம் 2023-ல் மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆயிற்று, நல்லதே. ஆனால் அது கிட்டாத மாணவர் நமது ராஜ்யத்துச் சர்வகலாசாலைகளில் பலர் உளர். கிட்டியவனும் மோட்டாரைத் தன் சோற்றுக் காசில் வாங்கும்படி விடுவது தகாது. சாமான்களுக்கென்று தனி மானியம் வேண்டும்.

வருகிற பட்ஜெட் விவாதத்தில் நமது சட்டசபை அங்கத்தினர் யாரேனும் எழுந்து, ராஜ்யத்துச் சர்வகலாசாலைகளின் கம்ப்யூட்டர் இலாகாக்களில் மாணவன் இரவிலும் நுழைந்து வேலை செய்யக்கூடிய பட்டறை எத்தனை இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கட்டும். மந்திரியார் எண்ணிக்கையைச் சொல்லட்டும். மானியத்தின் அளவை அதற்குப் பிறகு பேசலாம்.